வறளிக்கு வந்த நோய்

கழிவறையைப் பூட்டி வைத்திருப்பது நீங்கள்தான். காவலாளி பூட்டவில்லை, ஆயா பூட்டவில்லை, மழையும் வெள்ளமும் பூட்டவில்லை. நீங்கள் பூட்டினீர்கள். பூட்டு துருப்பிடித்துவிடக் கூடாதென்று அதன்மேல் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டதும் உங்கள் கைதான். நான் நின்று பார்த்தேன்.

படிக்கிறவர்களுக்கு நீங்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளர். பெயர் எழுதப்போவதில்லை. உங்கள் பெயர் பள்ளிச் சுவரிலும் வேனிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பிள்ளைகளின் கழுத்து டையிலும் இருக்கிறது. அது போதும். நான் அங்கே உயிரியல் டீச்சர். வீடு திருப்பாதிரிப்புலியூரில். காலையில் ரயிலில் வருவேன், சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். ரயிலில் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரயிலில் கழிவறை உண்டு. கிள்ளை ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஒருமுறை போய்விட்டு வந்து உட்கார்ந்தால், பிறகு வீட்டுக்கு வந்துதான். ஓடுகிற ரயிலில் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நிற்கிற அந்த இடம்தான் என் வேலை நாளில் எனக்குக் கிடைக்கிற நல்ல கழிவறை.

பள்ளியில் இரண்டு கழிவறைகள் இருக்கின்றன. பழையது மைதானத்தின் கோடியில். இரண்டு தடுப்பு. ஒன்றுக்குக் கதவு இல்லை, ஒன்றுக்குக் கதவு உண்டு, கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைக் கையால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் அது ஒன்றுதான். இடைவேளைக்கு மணி அடித்தால் வரிசை நிற்கும். வரிசை பாதி நகர்வதற்குள் மறுமணி அடித்துவிடும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் என்னென்ன மிதக்கும் என்று எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள்.

பையன்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்களுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. ஆண் வாத்தியார்களுக்கும் சுவர் இருக்கிறது. சுவரில் "இங்கே சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார்கள்.

புதியது, கொரோனா முடிந்து பள்ளி திறந்த பிறகு கட்டியது. பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொடுத்த பணத்தில், தரை முதல் கூரை வரை டைல்ஸ். பீங்கான் பேசின். கண்ணாடி. திறப்பு விழாவுக்கு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, ரிப்பன் வெட்டினீர்கள். சிறப்பு விருந்தினர் உள்ளே போய் வாஷ்பேசினில் கை கழுவினார், எல்லாரும் கை தட்டினோம். அன்று கை கழுவியவர்தான் அந்தக் கழிவறையை முதலில் பயன்படுத்தியவர், கடைசியாகப் பயன்படுத்தியவரும் அவரே. மாவிலை இன்னும் தொங்குகிறது. தொட்டால் பொடிப்பொடியாகிறது.

அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் திறப்பீர்கள். பினாயில் தெளிப்பார்கள், நாப்தலின் உருண்டை போடுவார்கள். அவர்கள் எட்டிப் பார்த்து, "பரவால்லியே, நீட்டா மெயின்டைன் பண்றீங்களே" என்பார்கள். யாருமே போகாத இடம் நீட்டாகத்தானே இருக்கும்.

ஆகவே நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டோம்.

இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. வேலைக்குச் சேரும் எந்த டீச்சரும் ஒரு மாதத்தில் தானாகக் கற்றுக்கொள்வாள். காலையில் அரை டம்ளர் காபி. மதியம் சாப்பாட்டோடு நாக்கை நனைக்க ஒரு மிடறு. சாம்பார் சாதத்தைவிட எலுமிச்சை சாதம் நல்லது, நீர் குறைவு. ரசம் கூடாது. மோர் கூடவே கூடாது. கணக்கு டீச்சர் பண்ருட்டிக்காரி, முந்திரி வறுத்துக் கொண்டுவருவாள். ஸ்டாஃப் ரூமில் அதற்கும் யோசனை நடக்கும்.

"எடுத்துக்குங்க மிஸ். புதுக் கொட்டை."

"உப்பு போட்டுல்ல வறுத்திருக்கீங்க. தாகம் எடுக்கும். அப்புறம் யாரு கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது?"

"உப்பத் தொடச்சிட்டுத் தின்னுங்க. இதுக்குன்னு உப்பில்லாம வறுத்தா எங்க வீட்டுல, யாருக்குடி பத்தியம்னு கேக்குறாங்க."

சிரிப்போம். எங்களுக்குள் சிரிக்க நிறைய இருந்தது.

எனக்கு வலி வந்த நாளையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் கழிவு நீக்க மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் சிறுநீரகத்தைப் படம் போட்டு, சிறுநீர்க் குழாய்க்கு அம்புக்குறி இழுக்கும்போது வலது விலாவில் யாரோ கத்தியைச் சொருகித் திருகியது போல இருந்தது. அம்புக்குறி போர்டின் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அதையும் நோட்டில் அப்படியே வரைந்தார்களாம். கடலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். கல். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சரா?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"டீச்சர், இல்லன்னா ஜவுளிக்கடையில நிக்கிற பொண்ணு. ரெண்டுல ஒண்ணா இருக்கும். தண்ணி குடிங்கம்மா."

வீட்டில் அதற்குப் பிறகு தினமும் வாழைத்தண்டுச் சாறு. என் வீட்டுக்காரர் பொறுப்பாக நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கேட்பார்: "ஏம்மா, தண்ணி குடிக்கத்தானே சொன்னாங்க? ஒரு பாட்டில எடுத்துக் குடிக்க வேண்டியதுதானே, அதுல என்னா கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல. நீங்க லீவு போட்டுட்டு வந்து ஸ்கூல் சுவத்துக்கிட்ட வேட்டியப் புடிச்சிக்கிட்டு மறைச்சி நில்லுங்க. நான் குடிக்கிறேன்."

அதன்பின் அவர் வாழைத்தண்டை மட்டும் நறுக்கினார்.

வறளி வந்தது போன ஜூலையில். ஒன்பதாம் வகுப்பில் தகவமைப்பு பாடம். ஒட்டகம், கள்ளிச்செடி எல்லாம் ஒப்பித்து எனக்கே அலுத்துப்போனதால், பாலைவனத்தில் வாழ்கிற ஒரு விலங்கை நீங்களே உண்டாக்கி வாருங்கள், அது எப்படிப் பிழைக்கிறது, அதற்கு என்ன நோய் வரும், எழுதி வாருங்கள் என்றேன். பெரும்பாலும் இரண்டு திமில் ஒட்டகத்துக்கு மூன்றாவது திமில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் இறக்கை வைத்தான்.

ஒரு பெண் மட்டும் ஒரு சாக்குப் பையில் எதையோ கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்கரை ஊர். அம்மா ரைஸ் மில்லில் நெல் உலர்த்துகிற வேலை. வீட்டு வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். சென்னைக்கே அங்கிருந்துதான் குழாயில் போகிறது. அந்த ஊர்ப் பெண் பாலைவனத்தைக் கண்டாளா என்று நினைத்துக்கொண்டுதான் சாக்கைப் பிரிக்கச் சொன்னேன்.

ஆட்டுக்குட்டி அளவு. பழைய பேப்பரை ஊறவைத்து மைதாப் பசையில் பிசைந்து செய்தது. மேலே பசை தடவி ஆற்று மணலை ஒட்டியிருந்தாள். தோல் நிஜமாகவே வறண்டு இருந்தது. முறம் போல இரண்டு காது. கண்ணுக்கு இரட்டை இமை. வயிற்றில் ஒரு சின்னக் கதவு, திறந்தால் உள்ளே ஒரு பை, பைக்குள் கூழாங்கற்கள். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்கத் தகரத்தில் ஒரு கொண்டி. பள்ளிக் கழிவறையில் இல்லாத கொண்டி அந்தப் பேப்பர் விலங்கின் வயிற்றில் இருந்தது.

"இதுக்குப் பேரு?"

"வறளி, மிஸ்."

பள்ளிக் கண்காட்சியில் வைத்தோம். நீங்கள் வந்து அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்தீர்கள். சத்தம் உங்களுக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு முறை ஆட்டினீர்கள். "இத டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்புங்க மிஸ்" என்றீர்கள். அனுப்பினோம். மாவட்டக் கண்காட்சி கடலூரில் ஒரு பெரிய பள்ளியில் நடந்தது. நீங்கள் வறளியின் பின்னால் நின்றீர்கள், நான் பக்கத்தில், கணக்கு டீச்சர் எனக்குப் பக்கத்தில். நடுவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"இது தண்ணி குடிக்குமா?"

"விடியக்காலம் ஒரு தடவ சார். அப்புறம் பொழுது சாஞ்சதும்."

"நடுவுல?"

"நாக்க நனைச்சிக்கும் சார். அவ்ளோதான்."

"பாலைவனத்துல தண்ணி கெடைக்காது. அதனால?"

"தண்ணியெல்லாம் கெடைக்கும் சார். குடிச்சா வெளிய வுடணும்ல? வெட்ட வெளி, மறைவு கெடையாது. ஈர வாசனைக்கு நரி வந்துடும். அதனால குடிக்காது. குடிச்சதையும் அடக்கி வச்சிக்கும்."

"அடடே. நோயி?"

"குட்டிங்களுக்கு எரிச்சலு, காய்ச்சலு. பெருசுங்களுக்குக் கல்லு." வயிற்றுக் கதவைத் திறந்து காட்டினாள். "பொட்டைங்களுக்குத்தான் சார் ஜாஸ்தி."

"அது ஏம்மா அப்படி?"

"ஆண் வறளி எங்க வேணா நின்னு போயிடும் சார். நரி வந்தாலும் ஓடிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள்தான் அதிகமாகச் சிரித்தீர்கள். கணக்கு டீச்சர் என் கையைக் கிள்ளினாள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதாவது உறைக்கிறதா என்று. பல் தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை.

"சரி, மருந்து?"

"மருந்தெல்லாம் வேணாம் சார். மறைவா ஒரு எடம் குடுத்தா போதும். கதவு வச்சிக் குடுத்தா இன்னும் நல்லது."

பேராசிரியர் கண்ணாடியை இறக்கினார். "பாலைவனத்துல கதவா? கற்பனைக்கும் ஒரு நியாயம் வேணாமாம்மா? இது வரைக்கும் நல்லா சயின்டிஃபிக்கா சொல்லிக்கிட்டு வந்தே."

கதவு கேட்டதால் முதல் பரிசு போயிற்று. சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். வேனில் திரும்பும்போது அந்தப் பெண் வறளியை மடியில் வைத்துக்கொண்டு பி.முட்லூர் வரை அதன் வயிற்றுக் கதவைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு கேட்டாள்: "மிஸ், அவருக்கு நெஜமாவே புரியலியா, புரியாத மாதிரி இருந்தாரா?"

"யாரு, ஜட்ஜா?"

"ரெண்டு பேருந்தான்."

நீங்கள் முன்சீட்டில் போனில் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

மறுநாள் பள்ளி வாசலில் பேனர் வந்தது. வறளியைவிட உங்கள் முகம் பெரிதாக இருந்தது. அந்தப் பெண் எங்கே என்று தேடினால் ஓரத்தில், வறளியின் வாலுக்குப் பக்கத்தில், பாஸ்போர்ட் அளவில் இருந்தாள். அந்தத் திங்கட்கிழமை பிரேயரில் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். குரல் தழுதழுத்தது. "வறளிக்கு வந்த நோய் நம்ம பிள்ளைங்க ஒருத்தருக்கும் வரக் கூடாது" என்றீர்கள். சாவியை எடுக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் சட்டைப் பையைக்கூடப் பார்த்தேன்.

நீங்கள் அறிவித்தது தண்ணீர் மணி. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மணி அடிக்கும், எல்லாரும் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும், டீச்சர்கள் முன்னின்று குடித்துக் காட்ட வேண்டும். ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் கணக்கு டீச்சர் நாற்காலியில் சாய்ந்தாள்.

"குடிக்க மணி அடிச்சிட்டாரு. போறதுக்கு எப்ப மிஸ் அடிப்பாரு?"

மணி அடித்தது. எல்லாரும் குடித்தோம். எப்படிக் குடித்தோம் என்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். நம் ஊரில் யாரும் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. எச்சில் படாமல் அண்ணாந்துதான் குடிப்போம். எங்களுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. பாட்டிலை முகத்துக்கு மேலே தூக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் கழுத்துவரை வந்து நிற்கிற மாதிரி சாய்த்து, சொட்டு விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தொண்டையை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். பிறகு புறங்கையால் வாயைத் துடைத்து, "ஆ" என்று ஒரு சத்தம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆற்றையே குடித்த மாதிரி இருக்கும். முதல் நாளே பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் இதைச் செய்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. நான் மேடையிலிருந்து என் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தொண்டைகள் ஏறி இறங்கின. சாயங்காலம் பாட்டில்கள் நிறைந்தபடியே வீட்டுக்குப் போயின. நீங்கள் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தீர்கள்.

நவம்பரில் நல்ல மழை. பழைய கழிவறையில் தண்ணீர் ஏறி, இருந்த ஒரு கதவும் விழுந்துவிட்டது. அந்த வாரம்தான் உங்களுக்குத் தண்ணீர் மணியைப் பற்றி ஒரு படம் எடுக்கத் தோன்றியது. மதிய இடைவேளை முடிந்ததும் அந்தப் பெண்ணை மேடைக்கு வரவைத்தீர்கள். வாசலிலிருந்து கழற்றிவந்து கட்டிய பேனருக்கு முன்னால் நிறுத்தி ஒரு முழுப் பாட்டிலைக் கையில் கொடுத்தீர்கள். அவள் எங்கள் முறைப்படி அண்ணாந்தாள். கேமரா பக்கத்தில் இருந்ததால் ஏமாற்ற முடியவில்லை.

"தண்ணி எறங்கல பாரு. நல்லா குடிம்மா. குடிச்சாத்தானே நல்லது" என்றீர்கள்.

குடித்தாள். படம் எடுத்தவர் போனைக் காட்டினார். நீங்கள் பார்த்துவிட்டு, "பேனர்ல என் மூஞ்சி கட் ஆயிடுச்சே. இன்னொரு தடவ எடுங்க" என்றீர்கள். இன்னொரு பாட்டில் வந்தது. அதையும் குடித்தாள். நீங்கள் காரில் ஏறிக் கடலூருக்கு ஏதோ கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டீர்கள்.

கடைசி பீரியடில் அவள் என்னிடம் வந்தாள். முகம் சரியில்லை. கையைப் பிடித்து ஆபீஸுக்கு அழைத்துப்போனேன். ஆபீஸ் கிளார்க்கிடம் புதிய கழிவறையின் சாவியைக் கேட்டேன்.

"சாவி சார் கார்ல மிஸ்."

"இன்னொரு சாவி?"

"இருந்தாலும் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு மிஸ்." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "உள்ள ஒன்னோட வறளிதாம்மா வச்சிருக்கு. மழையில ஈரம் படாம, எலி கடிக்காம இருக்க அதான் சேஃபான எடம்னு சார் வச்சிட்டுப் போனாரு. ஆண்டு விழாவுக்குத்தான் வெளிய எடுப்பாரு."

நான் உங்களுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ரிசப்ஷன் ஹாலில் மேளச் சத்தம் கேட்டது. "அப்பறம் பேசுறேன் மிஸ்" என்று வைத்துவிட்டீர்கள்.

பள்ளி விட்டதும் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஸ்டாண்டில் கட்டணக் கழிவறை இருக்கிறது. அதற்குள் போனால் காட்டுமன்னார்கோயில் பஸ் போய்விடும். அடுத்ததில் ஏறினால் ஊருக்குள் போகிற மினி பஸ் கிடைக்காது, இருட்டில் ஏரிக்கரையில் நடக்க வேண்டும். ஏறிவிட்டாள். மழைக்கு ரோட்டில் மரம் சாய்ந்து பஸ் நின்றுவிட்டது. பிறகு நடந்ததைக் கூட வந்த பிள்ளைகள் மறுநாள் எனக்குச் சொன்னார்கள். சீட் நனைந்தது. யூனிபாரம் நனைந்தது. பின்னால் நின்ற நம் பள்ளிப் பையன்களில் ஒருத்தன் கத்தினானாம்: "டேய், வீராணம் மதகத் தொறந்துட்டாங்கடா! வறளி ஒடைஞ்சிடுச்சு!" கண்டக்டர்தான் அதட்டியிருக்கிறார். அவள் ஊருக்கு முன்னாலேயே இறங்கி மழையில் நடந்து போயிருக்கிறாள், எல்லாமே மழையில் நனைந்தது மாதிரி இருக்கட்டும் என்று.

அதன்பின் அவள் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வாசலில் அவள் அம்மா நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் வெளியே கொண்டுவந்து போட்டார். காய்ச்சல் விட்டுவிட்டதாம். எரிச்சல் இருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்திருக்கிறார்களாம். குட்டிகளுக்கு எரிச்சல், காய்ச்சல் என்று நடுவரிடம் அவளே சொன்னதுதான்.

"மிஸ், அவ படிக்க வேணாம்னு நான் சொல்லல. மூத்தரம் போவ ஒரு எடம் வேணுங்கறேன். எங்க மில்லுலகூட ஓலத் தட்டி கட்டி வச்சிருக்காங்க. ஓனரு ஒண்ணும் மெத்தப் படிச்சவரு கெடையாது."

"நான் பேசுறேம்மா."

"நீங்க பேசுவீங்க. அவுங்க தலய ஆட்டுவாங்க. பொங்கலுக்குள்ள அந்தக் கதவு தொறக்கலன்னா எங்க தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிடுவேன், பண்ருட்டிப் பக்கம். கொட்ட ஒடைக்கப் போவட்டும். அங்கயாச்சும் முந்திரிக் காடு இருக்கு, மறைவு இருக்கு."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கிளம்பும்போதுதான் குரல் வந்தது.

"மிஸ், வறளி நல்லாருக்கா? பேப்பர்ல செஞ்சது மிஸ். ஈரம் பட்டா ஊறிடும். அத ஏன் அங்க வச்சாங்க?"

"ஒண்ணும் ஆவல. அங்க ஒரு சொட்டு ஈரம் இல்ல."

சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "கதவத் தொறந்தாங்கன்னா சொல்லுங்க மிஸ். அன்னைக்கே வர்றேன்."

திங்கட்கிழமை உங்கள் அறைக்கு வந்தேன். நினைவிருக்கும். உட்காரச் சொன்னீர்கள், நின்றேன். நடந்ததைச் சொன்னேன். "அடப் பாவமே" என்றீர்கள். உண்மையாகவே வருத்தப்பட்டீர்கள், அதை மறைக்கமாட்டேன். பிறகு யோசித்தீர்கள்.

"அந்தப் பொண்ண ஆண்டு விழாவுல மேடையில ஏத்தி ஒரு சால்வ போட்டுடலாம் மிஸ். மனசு ஆறிடும்."

"சார், அவ சால்வ கேக்கல. கதவக் கேக்குறா."

"புரியுது. ஆனா பாருங்க, தொறந்து வுட்டா எத்தினி பேரு போவாங்க? டைல்ஸ் என்னாவறது? நம்ம புள்ளைங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியாது மிஸ். நாறிடும்."

"நாறுனா கழுவலாம் சார்."

"யாரு கழுவுறது? அதுவும் இல்லாம உள்ள வறளி இருக்கு. அதுவும் பேப்பரு. ஆண்டு விழாவுல லைட்டு போட்டு, புகையெல்லாம் வுட்டு, நடுவுல அதத்தான் கொண்டாந்து வைக்கப்போறேன். அதுவரைக்கும் பத்திரமா இருக்கணுமா, இல்லியா?"

"அதுக்குப் பசி, தாகம், மூத்தரம் ஒண்ணுமே கெடையாது சார். அது பொம்ம."

"அதச் செஞ்ச புள்ளைக்கு அது மேல உசுரு மிஸ். நாமதானே பாத்துக்கணும்."

வெளியே வந்து நேராகப் புதிய கழிவறைக்குப் போனேன். கதவில் மேலே ஒரு துளை உண்டு, காற்றுப் போக வைத்தது. கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸுக்கு நடுவே, கண்ணாடிக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வறளி நின்றது. வறண்ட இடம், மறைவான இடம், கதவு உண்டு, வெளியே பூட்டும் உண்டு. நரி வராது. அவள் கேட்ட மருந்து அத்தனையும் அதற்குக் கிடைத்திருந்தது. எங்கள் பள்ளியில் நல்ல கழிவறை கிடைத்த ஒரே பெண் அதுதான்.

பின்னால் கணக்கு டீச்சர் வந்து நின்றாள். "என்னா மிஸ் பாக்குறீங்க?"

"கல்லு வந்தவளப் பாக்குறேன்."

"அது நம்மளத்தான் பாக்குது" என்றாள். கீழே இறங்கக் கை கொடுத்தாள்.

இதையெல்லாம் உங்களிடம் தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனித் தனியாகப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. இதை எழுதியதற்கு என்னை வேலையைவிட்டு அனுப்பலாம். அனுப்புங்கள். வீட்டில் கழிவறை இருக்கிறது, வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பேன். ஆனால் அந்தப் பெண் ஏரிக்கரையில் உட்கார்ந்து யூனிபாரத்தைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அவள் அம்மா பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பார்.

ஆண்டு விழா பொங்கலுக்கு முன்னால் வருகிறது. பெற்றோர் எல்லாரும் வருவார்கள். அதிகாரிகளும் வருவார்கள். லைட் போடுங்கள், புகை விடுங்கள், வறளியை நடுமேடைக்குக் கொண்டுவாருங்கள். அதை வெளியே எடுத்தபிறகு அந்தக் கதவை மறுபடி பூட்டுவீர்களா, மாட்டீர்களா? உங்கள் மகளோ மனைவியோ ஒரு முழுநாள் எங்கள் பள்ளியில் இருந்தால் எங்கே போவாள்? தண்ணீர் மணி அடித்த அதே மைக்கைக் கையில் பிடித்து, அத்தனை அம்மாக்களும் கேட்கும்படி, சாவி யாரிடம் இருக்கப்போகிறது என்று பதில் சொல்லுங்கள்.